வ-வில் தொடங்கும் ஊர்

அத்தியாயம் 9

கனகத்தின் கையிலிருந்த மரஸ்கேல் முறிந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அது முறிந்தது மகள் சுபஸ்ரீயின் முதுகில். பதினோரு வயதுப் பெண். அடி வாங்கியவள் அழவில்லை. அடித்தவள்தான் அழுதாள்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. ‘ஆறாம் வகுப்புக்கு வந்தும் உங்கள் மகளுக்கு நான்கு வரி சேர்ந்தாற்போல் வாசிக்கத் தெரியவில்லை. காலாண்டுத் தேர்விலும் இப்படியே என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போகவும்’ என்று தலைமையாசிரியை எழுதி அனுப்பியிருந்தார்.

கனகத்துக்கு அதுதான் விளங்கவில்லை. ஒரு தடவை கதை சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்கிற பெண். தையல் மிஷினைப் பிரித்துப் போட்டால், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மறுபடி பூட்டிக் கொடுக்கிற பெண். அதற்கு எழுத்து மட்டும் வராதாமா? திமிர் என்றுதான் கனகம் நினைத்தாள். திமிருக்குத்தான் ஸ்கேலை எடுத்தாள்.

அது நடந்து நான்கு நாள். இன்று வியாழக்கிழமை. தமிழ்த் தேர்வு.

பகல் இரண்டு மணிக்கு வல்லக்கோட்டையில், அவர்கள் தெருவில் ஷெர்லின் மட்டும் நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண். சுபாவோடு ஒரே வகுப்பு. ஜூன் மாதத்திலிருந்து இருவரும் சேர்ந்துதான் ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கு பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

கனகம் தையல் மிஷினை நிறுத்தினாள்.

"இன்னாடி, நீ மட்டும் வர்ற? சுபா எங்க?"

"அவள பெரிய டீச்சர் ரூமுக்கு இட்டுனு பூட்டாங்க அத்த. ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன். வாட்ச்மேன் தாத்தா தொரத்திட்டாரு. அடுத்த பஸ்ல வந்துடுவா."

அடுத்த பஸ் இரண்டே முக்காலுக்கு. கனகம் ரோட்டு முனைக்கே போய் நின்றாள். பஸ் வந்தது. கோயிலுக்கு வந்த கூட்டம் இறங்கியது. கடைசியில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"சார், ஸ்கூல் பொண்ணு ஒண்ணு... நீலப் பாவாட, வெள்ளச் சட்ட..."

"யாரும் ஏறலம்மா."

அதற்கடுத்த பஸ்ஸிலும் அவள் இல்லை.

மூன்றரைக்குத் தசரதன் சைக்கிளில் வந்தான். மண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஆப்பரேட்டர். முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவன், மனைவி ரோட்டில் நிற்பதைப் பார்த்ததுமே காலை ஊன்றிவிட்டான்.

"சுபா வரலைங்க."

இரண்டே வார்த்தைதான்.

தசரதன் சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்தான். பூட்டக்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ் வந்ததும் இருவரும் ஏறினார்கள். "பெரும்புதூர்தானே?" என்று அவன் கண்டக்டரிடம் கேட்டான். எப்போதும் கேட்பான். கனகம் அதைக் கவனித்ததில்லை. இன்றும் கவனிக்கவில்லை.

பள்ளி மைதானத்தில் யாரும் இல்லை. ஆறாம் வகுப்பில் மட்டும் மெர்சி டீச்சர் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். சுபாவின் வகுப்பாசிரியை. முப்பது வயதுகூட இராது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சுபா வீட்டுக்கு வரலையா? ஒன்றரைக்கே போயிட்டாளேம்மா!"

"எங்க போனா டீச்சர்? யார் கூட போனா?"

"தனியாத்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கமா போனா."

"இங்க இன்னா நடந்துச்சு?" என்று கேட்டான் தசரதன்.

மெர்சி டீச்சர் விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்தார்.

"வாசிக்கச் சொன்னாங்க. தலைமையாசிரியை ரூம்ல, ரெண்டு மூணு டீச்சருங்க முன்னால. ஒரு பத்தி. அவளால முடியல. நாளைக்கு அப்பாவ இட்டுக்கினு வா, டி.சி. ரெடியா இருக்கும்னாங்க. அவ ஒண்ணும் பேசல. சரி டீச்சர்னு தலையாட்டிட்டுப் போயிட்டா."

ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். கனகத்துக்கு அந்த வார்த்தைதான் உறைத்தது. நான்கு நாளைக்கு முன் ஸ்கேல் முறிந்தபோதும் அவள் ஒன்றும் பேசவில்லை.

பள்ளிக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. யாரும் சொல்லாமலே மூன்று பேரும் அங்கே போனார்கள். கைப்பிடிச் சுவரில் வயிறு பட சாய்ந்து கனகம் எட்டிப் பார்த்தாள். பாசி கலையாமல் இருந்தது. அப்படியும் அவளுக்குப் போதவில்லை. ஒரு கல்லை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏரிப் பக்கம் பாத்தீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

ஏரிக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். பெண் பிள்ளை யாரும் வரவில்லையாம். ஆனால் மதகுக்குக் கீழே ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. நீல வார். குழந்தைக் கால் அளவு.

கனகம் சரிவில் விழுந்து இறங்கினாள். முழங்கை சிராய்த்தது தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். சுபாவின் செருப்பு நீலமா, பச்சையா? தினமும் வாசலில் அதைத் தாண்டித்தான் நடக்கிறாள். இப்போது ஞாபகம் வரவில்லை. பெற்ற பெண்ணின் செருப்பு நிறம் ஞாபகம் வரவில்லை!

"அதில்ல" என்றான் தசரதன் மேலேயிருந்து. "அவளுது பச்ச. இடது வார் அறுந்து நான்தான் ஊக்கு மாட்டிக் குடுத்தேன்."

கனகம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பு சுபாவுடையது இல்லை. அதனால் அவள் இங்கே இல்லை என்று ஆகிவிடுமா? தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஒன்றும் சொல்லப் போவதில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். போலீஸ்ல சொல்லிடுவோம்" என்றார் மெர்சி டீச்சர். விடைத்தாள் கட்டு இன்னும் அவர் தோள் பையில் இருந்தது. அவர் தன் வீட்டுக்குப் போகிற நேரம் தாண்டிவிட்டது. போகவில்லை.

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் எங்கே பார்த்தாலும் காக்கிச் சட்டைதான். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில்கூட ஒரு தகரக் கொட்டகை போட்டு, மேசையும் வயர்லெஸ்ஸுமாகப் போலீஸ் உட்கார்ந்திருந்தது. ஏட்டு கோதண்டராமன் அன்று ட்யூட்டியில் இருந்தார். முன்னால் ஆறிப்போன டீ.

"காணோமா? எத்தினி மணிலேர்ந்து?"

"ஒன்றரைலேர்ந்து சார்."

"வூட்ல சண்டையா? அடிச்சீங்களா?"

கனகம் பார்வையைத் தாழ்த்தினாள். ஏட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டதற்கு அதுவே பதிலாகப் போதும். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளினார்.

"எழுதிக் குடுங்க. பேரு, வயசு, இன்னா உடுப்பு, கடைசியா எங்க பாத்தது."

கனகம் பேனாவை எடுத்தாள். பத்தாவது வரை படித்தவள். கல்யாணப் பத்திரிகை போல எழுதுவாள் என்று தெருவில் பேர். ஆனால் விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பேனா இரண்டு தடவை மேசையிலிருந்து உருண்டு விழுந்தது.

"நீ எழுதுய்யா. நீதான அப்பன்?"

தசரதன் பின்வாங்கினான். "எனக்குக் கண்ணு சரியா தெரியாது சார். கண்ணாடி எடுத்தாரல."

கனகம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியா? பதின்மூன்று வருடத்தில் இந்த மனிதன் கண்ணாடி போட்டு அவள் பார்த்ததில்லை. அரை மைலில் வருகிற பஸ்ஸின் டிரைவர் யார் என்று சொல்கிற கண் அது.

"இன்னா வயசு உனக்கு? முப்பத்தஞ்சு இருக்குமா? எழுதுய்யா, நேரம் போவுது! பொண்ணு வேணுமா வேணாமா?"

பொண்ணு வேணுமா என்று கேட்டதும் தசரதன் உட்கார்ந்துவிட்டான். பேனாவைப் பிடித்தான். பிரஸ்ஸில் இரும்புத் தகட்டைப் பிடிக்கிறவன் கைபோல இறுக்கிப் பிடித்தான். நெற்றியிலிருந்து வேர்வை தாளில் சொட்டியது. நான்கு வரி. அதற்குள் இரண்டு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, போயே போய்விட்டன.

ஏட்டு தாளை வாங்கினார். புருவம் ஏறியது.

"இன்னாய்யா இது? குடிச்சிருக்கியா?"

"அவரு குடிக்க மாட்டாரு சார்" என்றாள் கனகம்.

"பின்ன இன்னா எழுத்து இது? நீயே பாரும்மா."

கனகம் பார்த்தாள். ‘என் கமள் சுஸ்பரி வசயு 11 கணாவில்லை.’

மகள் என்பது கமள் ஆகியிருந்தது. வயசு என்பது வசயு ஆகியிருந்தது. சுபஸ்ரீ என்ற பெயர், கனகமே ஆசையாகத் தேடிப் பிடித்து வைத்த பெயர், உருத் தெரியாமல் புரண்டு கிடந்தது.

இதை அவள் பார்த்திருக்கிறாள். அப்படியே இதே புரட்டலை. சுபாவின் நோட்டில்.

மெர்சி டீச்சரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்தார். நடுவிலிருந்து ஒரு விடைத்தாளை உருவி, மனுவுக்குப் பக்கத்தில் விரித்தார். மேலே பெயர். அதே சுஸ்பரி. கீழே பகலுக்குக் கபல், மரத்துக்கு ரமம், பறவைக்குப் பவறை. முக்கால் பக்கத்துக்குமேல் வெள்ளை.

தசரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

கனகத்துக்கு ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. பத்திரிகை எது வந்தாலும் "நீ படி கனகம், ஒன் கொரலுல கேட்டாத்தான் நல்லாகீது" என்பான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தொடர்கதை வாசிப்பாள், அவன் சுவரில் சாய்ந்து கேட்பான். தன் குரல்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை என்று பதின்மூன்று வருடம் நினைத்திருந்தாள்.

"எத்தினாவது வரைக்கும் படிச்சீங்க?" மெர்சி டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"ஏழு. பெயிலாகி பெயிலாகி ஏழு. அப்புறம் அடி தாங்க முடியாம ஓடிட்டேன்."

"மூணு மாசமா எனக்குச் சந்தேகம் இருந்துச்சு" என்றார் டீச்சர். "என் தம்பி ஜோயலும் இப்படித்தான். சுபா வாயால பதில் சொன்னா நூத்துக்கு நூறு. எழுதுனா ஒண்ணும் இல்ல. போன லீவுல மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மா இதப் பத்திப் பேசினத கேட்டேன். வந்து பெரிய டீச்சர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லல. புதுசா சேந்தவ, எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்." சட்டென்று நிறுத்தினார். "சார்... ஒண்ணு கேக்கறேன். நீங்க எப்படி பஸ் ஏறுவீங்க?"

"கேட்டு ஏறுவேன்."

"கேக்க முடியலன்னா?"

"டிரைவரு மூஞ்சப் பாப்பேன். வண்டி கலரு, எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாப்பேன். புது வண்டின்னா போர்டுல மொத எழுத்தப் புடிச்சுக்குவேன். பேரு நீளமா குட்டையான்னு..."

தசரதன் பேச்சை நிறுத்தினான். முகம் மாறியது. எழுந்து கொட்டகைக்கு வெளியே வந்து, பஸ்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தான்.

"அவ ஷெர்லின் கூடத்தான் வருவா. ஷெர்லின்தான் வண்டியப் பாத்து ஏறும். இவ கூட ஏறுவா. இன்னிக்குத்தான் தனியா நின்னிருக்கா."

"அதுக்கு?" என்றார் ஏட்டு.

"வல்லக்கோட்டைன்னா வ. நீளமான பேரு." தசரதன் கையை நீட்டிக் காட்டினான். மூன்றாவதாக நின்ற வண்டியின் நெற்றியில் ‘வாலாஜாபாத்’ என்று இருந்தது. "அதுவும் வ. அதுவும் நீளம். கம்பெனில சேந்த புதுசுல, ஒரு நாளு நான் அதுல ஏறிட்டேன் சார். சுங்குவார்சத்திரம் தாண்டினப்புறம்தான் தெரிஞ்சுது. வெக்கமா பூட்டு, எறங்கவே இல்ல. கடைசி வரைக்கும் போயி, அங்கேர்ந்து திரும்பினேன். வூட்ல ஓவர்டைம்னு சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவன் கனகத்தைப் பார்க்கவில்லை.

ஏட்டு கோதண்டராமன் ஆறிய டீயை ஒதுக்கி வைத்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார். "வாலாஜாபாத்துக்குச் சொல்றேன். நீங்க நிக்காதீங்க, அந்த வண்டிலயே ஏறுங்க" என்றார். பிறகு, "யோவ், மனச வுடாத" என்றார்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கனகம் ஜன்னல் வழியே ரோட்டோரம் தெரிந்த ஒவ்வொரு நீலத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். நீலப் பிளாஸ்டிக் குடம். நீல லுங்கி. நீலத் தார்ப்பாய். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தப்பான பஸ்ஸில் ஏறியிருந்தால் சரி. ஏறாமல் இருந்திருந்தால்? ஏறி, நடுவில் எங்கேயாவது இறங்கியிருந்தால்? பெண் பிள்ளை, தனியாக, ஊர் பேர் படிக்கத் தெரியாமல், கேட்கவும் வாய் வராமல்.

வாலாஜாபாத்தில் இறங்கும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். டைம்கீப்பர் அறைக்குத் தசரதன் ஓடினான்.

"ஸ்கூல் பொண்ணா? இங்கதான் இருந்துச்சு" என்றார் டைம்கீப்பர். "மூணு மணிலேர்ந்து அந்தத் தூண்கிட்ட நின்னுகினு இருந்துச்சு. ஒவ்வொரு வண்டியா பாக்குது, ஏறல. எந்த ஊரும்மான்னேன், பேசல. அப்புறம் ஒரு பொம்பள வந்து கையப் புடிச்சு இட்டுனு போனாங்க. அஞ்சு, அஞ்சரை இருக்கும். சொந்தக்காரங்கன்னு நெனச்சேன்."

"எந்தப் பொம்பள? எந்தப் பக்கம்?"

டைம்கீப்பர் விழித்தார். "கூட்டத்துல யாரு பாத்தா?"

கனகம் தூணைப் பிடித்துக்கொண்டாள். மெர்சி டீச்சர் ஒரு பக்கம் ஓடினார், தசரதன் ஒரு பக்கம் ஓடினான். பூக்கடை, பழக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு. "நீலப் பாவாட, வெள்ளச் சட்ட, ரெட்ட ஜட..." கேட்கக் கேட்க எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் கனகம் அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

ரயில்வே ஸ்டேஷன் போகும் ரோட்டில் நான்காவது கடை. பஜ்ஜிக் கடை. அடுப்புக்கு அந்தப் பக்கம், மூட்டைமேல், ஒரு நீலப் பாவாடை.

"சுபா!"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். எழுந்து ஓடி வரவில்லை. மூட்டையிலிருந்து இறங்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் முதுகை மறைத்துக்கொண்டாள்.

கனகம் அதே இடத்தில் நின்றுவிட்டாள். ஏரியில் தேடியபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. தன்னைப் பார்த்துத் தன் பிள்ளை முதுகை மறைக்கிறது.

"நீங்கதான் அம்மாவா?" என்றாள் கடைக்காரி முனியம்மாள், கரண்டியைக் கீழே வைத்து. "போலீஸ்கூட இப்பதான் கேட்டுனு போனாங்களாம். நான் உள்ள இருந்தேன். பொழுது சாயுதே, பொம்பளப் புள்ள நிக்குதேன்னு இட்டாந்தேன். வல்லக்கோட்டன்னு மட்டும் சொல்லிச்சு. சரி வண்டில ஏத்தி வுடறேன் வான்னா, வூட்டுக்குப் போவலங்குது. இன்னா பண்ணீங்க புள்ளைய?"

தசரதன் கனகத்தைத் தாண்டிப் போனான். அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். சுபாவைத் தொடவில்லை.

"யாரையாச்சும் கேட்டியா கண்ணு, எந்த வண்டின்னு?"

"ஒருத்தர கேட்டேன் நைனா." குரல் வரவேயில்லை, உதடுதான் அசைந்தது. "இம்மாம் பெரிய பொண்ணு, யூனிபாரம் போட்டுனு கீற, போர்டு படிக்கத் தெரியாதான்னாரு. எல்லாரும் பாத்தாங்க. அப்புறம் கேக்கல."

"என்னையும் அப்டித்தான் கேட்டாங்க" என்றான் தசரதன். "இதே ஊர்ல. இதே வண்டில ஏறி வந்து நின்னேன்."

சுபா அவனைப் பார்த்தாள்.

"உனக்கு இன்னா ஆவும்?" என்று கேட்டான். "படிக்கும்போது."

"ஒவ்வொரு எழுத்தும் தெரியும் நைனா. தனியா கேட்டா சொல்லிடுவேன். சேத்துப் படின்னா, மூணாவது வர்றதுக்குள்ள மொதலாவது பூடும். திரும்பப் போனா வேற எடத்துல கீது." மூச்சு வாங்கினாள். "எனக்குப் பைத்தியமா நைனா? பெரிய டீச்சர் சொன்னாங்க, மூள வளரலன்னு."

தசரதன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சுபா மெல்லச் சுவரைவிட்டு வந்தாள். அப்பா அழுவதை அவள் பார்த்ததே இல்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறிது நேரம் கழித்துக் கனகம் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "அடிக்க மாட்டேன்டா" என்றாள். வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சுபா உடனே நம்பவில்லை. ஆனால் கையை முதுகிலிருந்து எடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சுபா அப்பா மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டாள். மழை தொடங்கியிருந்தது. மெர்சி டீச்சர் முன் இருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து பேசினார்.

"இது பைத்தியம் இல்லம்மா. மந்தபுத்தியும் இல்ல. கண்ணு நல்லாருக்கும், அறிவு நல்லாருக்கும். எழுத்தப் பாத்து அத சத்தமா சேக்கற எடத்துல மட்டும் சிக்கல். குடும்பத்துல யாருக்காச்சும் இருந்தா புள்ளைங்களுக்கும் வருமாம். மாத்திரையில்லாம, வேற மாதிரி சொல்லிக் குடுத்தா வரும். மண்ணுல எழுதி, தடவிப் பாத்து, சத்தத்தோட சேத்து... நாளாவும். ஆனா வரும்."

"டி.சி. குடுத்துடுவாங்களே டீச்சர்?"

"நாளைக்குப் போயி ரெண்டு நாளு டயம் கேட்டு வைக்கறேன். அந்த மெட்ராஸ் டாக்டரம்மா சோதிச்சு ஒரு சீட்டு குடுத்தா, அத வச்சு நான் பேசறேன். இந்தத் தடவ பேசறேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை காலைல மட்டும்தான் பாப்பாங்க, அது இந்த வாரம். அத வுட்டா அடுத்த மாசம். அதுக்குள்ள ஸ்கூல்ல பேர எடுத்துடுவாங்க. அப்பாவும் வரணும். ரெண்டு பேரையும் பாக்கணும்னு சொல்வாங்க."

"வரேன் டீச்சர்" என்றான் தசரதன்.

டீச்சர் சுங்குவார்சத்திரத்தில் இறங்கிக்கொண்டார். அவர் குடை விரித்து இருட்டில் நடப்பதைக் கனகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மனதில் நெடுநேரமாக இருந்ததைக் கேட்டாள்.

"கம்பெனில எப்டிங்க சமாளிக்கிறீங்க? மிஷின் சீட்டெல்லாம் எழுதணும்னு சொல்வீங்களே?"

"பக்கத்து மிஷின் கார்முகில் எழுதுவான். நான் வாயால சொல்வேன். கையெழுத்து மட்டும் நான் போடுவேன்."

"இப்பவும் அவருதான் எழுதறாரா?"

தசரதன் சுபாவின் தலையைக் கோதிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினான்.

"திங்கக்கெழமலேர்ந்து அவன நைட் ஷிப்டுக்கு மாத்திட்டாங்க."

"அப்ப திங்கள்லேர்ந்து?"

"அதுக்கு முன்னாடி நாளு இன்னா இருக்கோ, அதப் பாத்து அப்டியே வரைஞ்சுட்டு வரேன் கனகம். மிஷின நல்லா பாத்துத்தான் ஓட்டறேன். பிரேக்கு புடிக்குதா, காத்து அழுத்தம் எவ்ளோன்னு எல்லாம் பாக்கறேன். சீட்டுல மட்டும்தான்..." சட்டைப் பையில் கைவிட்டான். நான்காய் மடித்த தாள். ஓரம் வேர்வையில் நனைந்திருந்தது. "இன்னிக்கு ஷிப்ட் முடியறப்போ சூப்பர்வைசரு குடுத்தாரு. வாங்கிக்கினேன்னு கையெழுத்துப் போட்டேன். இன்னான்னு தெரியாது."

கனகம் தாளைப் பிரித்தாள். டைப் அடித்த ஐந்து வரி. பஸ்ஸின் மங்கல் விளக்கில் ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். மறுபடி முதல் வரிக்கு வந்தாள்.

"இன்னா போட்டுகீது?" என்றான் தசரதன்.

சுபாவும் விழித்திருந்தாள். அப்பா மடியிலிருந்தபடியே அம்மாவின் வாயைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரியான பார்வை. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் தாளில் இருக்கும் அவர்களுக்கு. ஒன்றுமில்லை, லீவு நோட்டீஸ் என்று சொன்னால் இன்று ஓர் இரவாவது அவன் தூங்குவான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

பிறகு தாளை விளக்குக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

"‘ஆப்பரேட்டர் திரு. தசரதன் அவர்களுக்கு. எட்டாம் எண் பிரஸ்ஸின் பாதுகாப்புச் சோதனைச் சீட்டில் மூன்று நாட்களாக ஒரே எண்கள் எழுதப்பட்டுள்ளன. சோதனை செய்யாமலே இயந்திரம் ஓட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. இதற்கான விளக்கத்தை வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மேனேஜர் முன்னிலையில்...’"

கனகம் தாளைத் தாழ்த்தினாள்.

"நிறுத்தாத" என்றான் தசரதன். "படி."

"‘...மேனேஜர் முன்னிலையில், தங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும்.’"